திங்கட்கிழமை வந்த வளையங்கள்

அன்புள்ள லோகா,

ஜொகூரில் மழை எப்படி, சாப்பாடு எப்படி என்று ஆரம்பிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, "மழையப் பத்தி எழுதத்தான் இத்தன காகிதமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆகவே நேராகவே வருகிறேன். கோபியின் காடி ரோட்டில் தீப்பிடித்த பிறகு, நம் வீட்டு வாசலில் எல்லாரும் கூடி நின்றபோது, "என் தப்புதான்" என்று நீ சொன்னாய். அது பொய். தப்பு என்னுடையது. தெரிந்தே நீ சொன்னாய், தெரிந்தே நான் கேட்டுக்கொண்டு நின்றேன். இப்போது நீ ஊரைவிட்டுப் போய் வேறொருவர் கடையில் டயர் கழற்றிக்கொண்டிருக்கிறாய். நான் நீ கட்டிய ஒர்க்ஷாப்பின் நிழலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். இதைவிடப் பெரிய வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது, அது உனக்கே தெரியாது. அதையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

நான் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் கோணல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. லாபு ரப்பர் தோட்டத்தில் டிராக்டர், லாரி, புல்லுக்கு மருந்து அடிக்கிற பம்பு என்று எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேலை வாங்குகிற மண்டோர் முதல் கணக்கு எழுதுகிற கிராணி வரை எல்லாருக்கும் நான் போமென் அண்ணன், மெக்கானிக் என்றால் நான்தான். தோட்டம் செம்பனைக்கு மாறி, லய வீடுகளை இடித்து, நம்மை இந்தத் தாமான் குடியிருப்புக்கு அனுப்பிய பிறகும் அந்தப் பெயர் என்னோடு வந்தது. பிறகு நீ சிரம்பானில் வேலை கற்றுக்கொண்டு வந்து, வீட்டு முன்னால் தகரக் கூரை போட்டு, லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காடியை ஓட்டிக்கொண்டு வருகிறவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "லோகன் இல்லையாண்ணே?" என்று கேட்பான். "இருக்கான், இருக்கான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். உள்ளே எரியும். பெற்ற பிள்ளையைப் பார்த்து வயிறு எரிகிற அப்பன் உண்டா என்று நீ கேட்கலாம். உண்டு, உனக்கு வாய்த்திருக்கிறான்.

கோபி அந்த இன்டேக் மேனிஃபோல்டை வாங்கிக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? லிங்கியில் செம்பனை லாரி ஓட்டுகிற பையன், ஆசை ஆசையாக அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். பளபளவென்று அலுமினியம். எஞ்சினுக்குள் போகிற காற்றைப் பிரித்துக் கொடுக்கிற குழாய்தானே, இதற்கா இவ்வளவு ஆசை என்று நான் நக்கல் அடித்தேன். நீ பொறுமையாகச் சொன்னாய்: கம்பெனி போட்டுக் கொடுத்த குழாய் குறுகலானது, இதில் காற்று தாராளமாகப் போகும், காடி பாயும். பெட்ரோலைப் பனிபோல் தூவுகிற இன்ஜெக்டர்கள் பழையவைதான், அவற்றை இந்தப் புதிய குழாயில் உட்கார வைக்க வேண்டும். ஓட்டையின் ஆழம் பழையதுபோல் இல்லை என்று அளந்து பார்த்து, மேலே பெட்ரோல் வருகிற ரெயில் என்கிற குழாயை உயர்த்த அலுமினியத் துண்டுகள் வெட்டினாய். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் மேலே ஒரு ரப்பர் வளையம், கீழே ஒன்று. புதிய குழாயோடு வந்த வளையங்கள் மெல்லியவை என்று ஒதுக்கி வைத்துவிட்டு, பெட்ரோலுக்கென்றே செய்த வளையங்களைக் கோலாலம்பூரில் சொல்லி வைத்தாய். இன்ஜெக்டர்களைச் சுத்தமான துணியில் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு, "திங்கக்கெழம பார்சல் வந்ததும் போட்டுக்கலாம். யாரும் தொட வேணாம்" என்றாய்.

யாரும் என்றாயே, அந்த வீட்டில் தொடுவதற்கு என்னைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? அம்மாவா இன்ஜெக்டரைத் தொடப் போகிறாள்? நீ நினைத்துச் சொன்ன வார்த்தை இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது சுருக்கென்றது. மறுநாள் சனிக்கிழமை, நீ நண்பன் கல்யாணத்துக்குக் கெமாஸ் போய்விட்டாய். பத்து மணி வாக்கில் கோபி போன் செய்தான். நீ எடுக்கவில்லையாம், அதனால் எனக்கு. "மாமா, காடி ஆயிடுச்சா? அம்மாவ அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும் லா." நான் சொன்னேன், "ஒரு சின்ன வளையம் வரணும், அவ்வளவுதான். நானே போட்டுத் தரேன், நாளைக்கே வா." அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு, "வேணாம் மாமா, அண்ணன் வரட்டும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். போனை வைத்துவிட்டு நேராக என் பழைய பெட்டியைத் திறந்தேன். தோட்டத்தில் மருந்து பம்புக்குப் போட்டு மிஞ்சிய கறுப்பு வளையங்கள் ஒரு பால் டின் நிறைய இருந்தன. ஒன்றை எடுத்து இன்ஜெக்டரில் மாட்டிப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. நீ எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவச் சொல்வாய். நான் பம்புக்குச் செய்வதுபோல் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தைத் தடவி, ஒவ்வொன்றாக அழுத்தினேன். ரெயிலை வைத்து முறுக்கினேன். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது. சாப்பிடும்போது அம்மாவிடம் ரசம் பிரமாதம் என்று சொன்னேன். வைத்தது சாம்பார்.

தெரியாமல் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுத முடியாது. உனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது சைக்கிள் டியூப் ஓட்டையானது. ஒட்டுகிற பசைக்குக் கடைக்குப் போக வேண்டாம் என்று, ரப்பர்ப் பால்மரத்துச் சிரட்டையில் உறைந்து கிடந்த கட்டிப்பாலைத் துண்டு துண்டாக நறுக்கி, டின்னில் போட்டுப் பெட்ரோல் ஊற்றி வைத்தேன். மறுநாள் திறந்தால் எல்லாம் ஊதிப் பெருத்துக் கூழாகியிருந்தது. "ஏம்ப்பா இப்பிடி ஆவுது?" என்று நீ கேட்டாய். "ரப்பரு பெட்ரோல குடிக்கும்டா. குடிச்சா அப்புறம் அது ரப்பரு இல்ல" என்று சொன்னது நான்தான். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமா? பம்பு வளையம் தண்ணீர் மருந்துக்கு ஆனது, பெட்ரோலுக்கு ஆகாது. தெரியும். அதை அழுத்தி உள்ளே தள்ளும்போதே மனதின் ஒரு மூலையில் அந்தக் கூழ் டின் தெரிந்தது. ரப்பர் ரப்பர்தான், நாம் வெட்டாத பாலா என்று அதன்மேல் ஒரு வீம்பைப் போட்டு மூடினேன்.

சாயங்காலம் நீ கல்யாண வேட்டியோடு அப்படியே ஒர்க்ஷாப்புக்குள் வந்தாய். "யாருப்பா போட்டது?" என்றாய். நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல், "பார்சல் வந்திருச்சு, போட்டுட்டேன்" என்றேன். "இன்னைக்கேவா?" "ஆமா லா, வந்து குடுத்துட்டுப் போறான், வேணாம்னா சொல்ல முடியும்?" அப்பன் பொய் சொல்வான் என்று உனக்குத் தோன்றவே இல்லை. குனிந்து ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் திருப்பிப் பார்த்தாய். எல்லாம் தாராளமாகச் சுழன்றன. சாவியைப் போட்டு, பெட்ரோல் ஏறிய பிறகு டிஷ்யூவால் சுற்றிலும் ஒற்றினாய். ஒரு ஈரம் இல்லை. நிமிர்ந்து சிரித்து, "ப்பா, நீங்க இன்னும் போமென்தான் ப்பா" என்றாய். லோகா, எத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோபி வந்து காடியை எடுத்துக்கொண்டு போனான். அவனுக்கு நீதான் போட்டாய் என்ற எண்ணம். நானும் அதைத் திருத்தவில்லை.

இனி எழுதப் போவதுதான் உனக்குத் தெரியாதது. திங்கட்கிழமை பார்சல் வந்தது. நீ சாமான் வாங்கச் சிரம்பானுக்குப் போயிருந்தாய். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி என்னிடம் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில், சின்னச் சின்னதாக, சரியான வளையங்கள். அந்த நேரத்தில் ஒரு போன் போதும். "கோபி, காடிய எடுக்காத, கொண்டா" என்று சொன்னால் அரை நாள் வேலை, எல்லாம் சரியாகியிருக்கும். போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். ஆனால் சொன்னால் பார்சல் சனிக்கிழமை வந்தது பொய் என்று ஆகும். நீ சொன்ன அந்த வார்த்தையை உன்னிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு மனம் வரவில்லை. தாங்கும், எத்தனை பம்புக்குப் போட்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பார்சலை என் பெட்டிக்குள் அடியில் வைத்துப் பூட்டினேன். செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் நீ என்னோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தாய். அப்போதும் சொல்லவில்லை. அவசரத்தில் தப்பான வளையத்தைப் போட்டுவிட்டு அதை மறைக்க ஒரு பொய் சொன்னேன் என்று மட்டும்தான் நீ நினைத்திருப்பாய். அது தப்பு. சரியான வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் காடி ஓடட்டும் என்று விட்டவன் நான்.

வியாழக்கிழமை லிங்கி ரோட்டில் அது எரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி, பக்கத்தில் கோபியின் அம்மா. பெட்ரோல் வாடை வருகிறதே என்று ஓரம் கட்டியிருக்கிறான். அம்மாவை இறக்கிவிட்டு, என்ன என்று பார்க்கப் போனட்டைத் தூக்கியவன் கையில் தீ பாய்ந்தது. பக்கத்துப் பழக்கடைக்காரர்கள் மண்ணை அள்ளிப் போட்டார்கள், தீயணைக்கிற பொம்பா வண்டி வருவதற்குள் முன்பக்கம் கருகிவிட்டது. அந்த அம்மாள் கால் வலிக்காரி. அவன் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் அவளால் இறங்கியிருக்கவே முடியாது.

வெள்ளிக்கிழமை காடியை இழுத்துக்கொண்டு வந்து நம் வாசலில் போட்டார்கள். கோபி கையில் கட்டோடு நின்றான். அவன் அம்மா அக்கம் பக்கம் எல்லாம் கேட்கக் கத்தினாள். "எம் புள்ள கைய பாரு! உன்ன நம்பித்தான குடுத்தோம்? ஒங்களுக்கெல்லாம் இது வெளையாட்டா?" நீ ஸ்பேனரை எடுத்து, கருகாமல் மிஞ்சிய ஓரத்து இன்ஜெக்டரைக் கழற்றினாய். அதிலிருந்த வளையம் ஊதி, உப்பி, விரலில் ஒட்டியது. பழுப்பு இல்லை, கறுப்பு. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை. நான் வந்தவர்களுக்குக் கொடுக்கத் தேத்தண்ணித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த வளையத்தைக் கைக்குள் மூடி, கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னாய்: "என் தப்புதான் அத்த. வளையம் சரியில்ல. நான் சரியா பாக்காம போட்டுட்டேன்." தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் என்ன செய்தேன் தெரியுமா? "தேத்தண்ணி எடுத்துக்குங்க" என்றேன். லோகா, அன்று நான் செய்ததிலேயே கேவலம் அதுதான்.

அதற்குப் பிறகு நீ செய்ததை எல்லாம் நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து உனக்கென்று கட்டிக்கொண்டிருந்தாயே அந்தக் காடி, அதன் எஞ்சினைக் கழற்றிக் கோபியின் காடியில் வைத்தாய். ஓட்டிப் பார்த்துச் சாவியை அவன் கையில் கொடுத்தாய். அதற்குள் கோயில் வாட்சப் குழுவில் யாரோ, "லோகன்கிட்ட காடி குடுக்காதீங்க, உயிருக்கு ஆபத்து" என்று போட்டுவிட்டார்கள். அதன் கீழே கைகூப்புகிற படமும் கட்டை விரலும் வரிசையாக விழுந்தன. நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன். படித்தேன், போனைக் கவிழ்த்து வைத்தேன். வாசலுக்கு ஒரு காடி வரவில்லை. நீ பையைக் கட்டினாய். பஸ் ஸ்டேஷனில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய் பார், அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டாம் பாரம் படிக்கும்போது என் மோட்டர் சைக்கிளின் கார்புரேட்டர் திருகாணியை உடைத்துவிட்டு, நானே கேட்பதற்கு முன்னால் வந்து, "நான்தான் ப்பா ஒடச்சேன்" என்று நின்றாய். உண்மை சொன்னதற்கு உனக்குக் கிடைத்தது ரப்பர் குழாயால் அடி, அதுவும் லயத்தில் எல்லாரும் பார்க்க. அடித்துவிட்டு, பிறகு கள்ளுக்கடையில் உட்கார்ந்து, "எம் பையன் எதையும் மறைக்க மாட்டான், என்னிய மாதிரி" என்று பீற்றிக்கொண்டேன். அடி வாங்கியது நீ, பெயர் வாங்கியது நான். அன்றைக்கு ஆரம்பித்த வியாபாரம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் அடுப்பு கேஸ் குழாயை இறுக்க ஸ்பேனர் தேடி அம்மா சாவியை எடுத்து என் பெட்டியைத் திறந்தாள். பார்சலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். தேதி ஒட்டியிருந்தது, அவள் போட்ட கையெழுத்தும் இருந்தது. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள். மறுநாள் காலை பஸ் பிடித்து லிங்கிக்குப் போனேன். கோபி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். புறங்கை இன்னும் சிவந்து சுருங்கித்தான் இருக்கிறது. உட்காரச் சொன்னான், நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமையையும் சொன்னேன். அவன் திரும்பிக் காடியைப் பார்த்தான். "அண்ணன் அவரு எஞ்சினையே கழட்டிக் குடுத்தாரே மாமா. நானும் வாங்கிக்கிட்டேனே" என்றான். கண் கலங்கிவிட்டான். அவன் அம்மா கலங்கவில்லை. "எங்கிட்ட வந்து சொன்னா ஆச்சா? நான் கத்துனது ஊரே கேக்க. ஒம் புள்ளைய ஊரே பேசிச்சு. நீ மட்டும் எங்க வீட்டுக்குள்ள வந்து ரகசியமா சொல்லுவியா?" என்றாள். அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்ப பஸ் பிடித்தேன்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் கடிதம் என்றால் இரண்டு புத்தியாவது இருக்க வேண்டும் அல்லவா, அந்தப் பழக்கம் போகவில்லை. யார் போட்ட வேலையாக இருந்தாலும் நீ கழற்றிப் பார்த்துவிட்டு அனுப்பு. பெரியவர் போட்டது, தெரிந்தவர் போட்டது என்று விடாதே. குறிப்பாக நான் போட்டேன் என்றால் இரண்டு தடவை கழற்று. இன்னொன்று, அடுத்தவன் செய்த தப்பைப் பைக்குள் போட்டுக்கொள்ளாதே. நீ மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தாய் என்று நினைத்தாய். அதைக் கட்டிக்கொண்டு நான் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை, நீயும் வீட்டில் இல்லை. அங்கே யாராவது ஏன் ஊரைவிட்டு வந்தாய் என்று கேட்டால், எங்கப்பா தப்பான வளையத்தைப் போட்டார் என்று சொல். கொஞ்சம் வலிக்கும். வலித்தாலும் சொல். நீ திரும்பி வருவதும் வராததும் உன் இஷ்டம். ஒர்க்ஷாப்பை நான் பெருக்கி மட்டும் வைக்கிறேன், எதையும் தொடவில்லை.

பார்சலையும் இதோடு அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று, திட்டாதே. இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புவதற்கு முன்னால், இதுவரை எழுதியதை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக் கோயில் குழுவில் போட்டுவிட்டேன், உன் பெயரை எழுதிய அதே இடத்தில். அம்மாதான் போனைப் பிடித்துக்கொண்டாள், நான் பக்கத்தைப் புரட்டினேன். உனக்கு முதலில் காட்டியிருந்தால், "வேணாம்ப்பா, விடுங்க" என்று சொல்லியிருப்பாய். நானும் சரி என்று விட்டிருப்பேன்.

உன் அப்பா